வேறு நாயைக் கண்டாலே பாயும் கோம்பை: அடிப்பதா, பழக்குவதா?

மாந்தோப்பு_காவேரிப்பட்டணம்:
தோப்புக் காவலுக்கு ஒரு கோம்பை வைத்திருக்கிறோம். ஆண், இரண்டு வயது. பகலில் கொட்டகையில் சங்கிலி, ராத்திரி அவிழ்த்துவிடுவோம். ஆள், ஆடு, கோழி எதையும் தொடாது. ஆனால் சங்கிலியோடு ரோட்டுக்குக் கூட்டிவந்து தூரத்தில் ஒரு நாய் தெரிந்தால் போதும், முதுகு முடி சிலிர்த்து எகிறும். போன வாரம் பக்கத்துத் தோட்டத்து நாயின் காதைக் கிழித்துவிட்டது. அப்பா நாலு சாத்து சாத்தச் சொல்கிறார். தம்பி, காயடித்தால் அடங்கும் என்கிறான். எது சரி?

ராயக்கோட்டை_ராஜா:
அப்பா சொல்வதுதான் சரி. கோம்பை வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த இனம், மடியில் வைத்துக் கொஞ்ச இல்லை. பாயும்போதே சங்கிலியைச் சுண்டி ஒரு அதட்டல், கேட்காவிட்டால் குச்சி. எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து இப்படித்தான். வீடியோ பார்த்து நாய்க்கு பிஸ்கட் ஊட்டுகிற கதையெல்லாம் ஓசூர் அப்பார்ட்மென்ட்டோடு நிற்கட்டும்.

பாகலூர்_ரோடு:
அந்த ஓசூர் அப்பார்ட்மென்ட்காரன்தான் பேசுகிறேன் அண்ணா. வேறு நாய் தெரிகிற ஒவ்வொரு தடவையும் இதற்குக் கழுத்து இறுகுகிறது, முதுகில் அடி விழுகிறது. ‘அவன் வந்தால் எனக்கு வலி’ என்றுதான் அது புரிந்துகொள்ளும். அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் பாயும். அடிக்குப் பயந்து உறுமலை விட்டுவிட்டால் அதைவிட ஆபத்து, எச்சரிக்கையே இல்லாமல் நேராகக் கடிக்கும்.

பிறந்து 3 வாரத்திலிருந்து ஏறக்குறைய 14 வாரம் வரை எந்தெந்த உயிர்களோடு பழகியதோ, அவற்றை நாய் பெரும்பாலும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும். உங்கள் நாய் அந்த வயதில் ஆடு, கோழியைப் பார்த்திருக்கும், வேற்று நாய்களைப் பார்த்திருக்காது என்று நினைக்கிறேன். போதாததற்குப் பகல் முழுக்கச் சங்கிலி. வேலிக்கு வெளியே போகிற நாயை நெருங்கவும் முடியாது, விலகவும் முடியாது.

வழி, தூரம்தான். எவ்வளவு தள்ளி நின்றால் இன்னொரு நாயைப் பார்த்த பிறகும் உங்கள் கையிலிருந்து வாங்கித் தின்கிறதோ, அங்கே நில்லுங்கள். அந்த நாய் கண்ணில் பட்டதும் வேகவைத்த கோழி ஈரல், மறைந்ததும் ஈரல் நிறுத்தம். உடம்பு விறைத்து, வாயை மூடி, கண் கொட்டாமல் பார்க்கிறதா? உடனே திரும்பிவிடுங்கள். மெல்ல மெல்லத்தான் நெருங்க வேண்டும், வாரக்கணக்கில் ஆகும்.

ராயக்கோட்டை_ராஜா:
தூரமாம்! எங்கள் ஊருக்கு வந்து பாருங்கள். டீக்கடை முன்னால் நாலு, ரேஷன் கடை முன்னால் ஆறு. கட்டாத நாய்கள், தானாக ஓடிவந்து மோதும். தள்ளி நில் என்று அதுகளிடம் யார் சொல்வது? கையில் ஈரல் இருந்தால் ஊர் நாய் மொத்தமும் பின்னால் வரும்.

பாகலூர்_ரோடு:
நியாயமான கேள்வி. நம் ஊர்களில் இந்த முறை தடுக்கி விழுவதும் இங்கேதான். அதனால்தான் ரோட்டில் ஆரம்பிக்கக் கூடாது. தோப்பு இருக்கிறதே! ஒரு கோடியில் தெரிந்தவரின் சாதுவான நாய், மறுகோடியில் உங்களுடையது. அது பழகிய பிறகு, இரண்டு பேர் இரண்டு நாய்களையும் நல்ல இடைவெளி விட்டு ஒரே திசையில் நடத்துங்கள். முகத்துக்கு முகம் நிறுத்த வேண்டாம். வரப்பு இருந்தால் இன்னும் வசதி.

ரோட்டுக்குப் போயே ஆக வேண்டுமென்றால் தெரு நாய்கள் சுருண்டு படுத்திருக்கிற நேரமாகப் பாருங்கள். கோடையில் தார் பாதத்தைச் சுடும், மண் பாதை நல்லது. எதிரே ஒன்று ஓடிவந்தால் நடுவில் நீங்கள் வாருங்கள், குனிந்து கல் எடுப்பது போல் பாவனை செய்யுங்கள். பெரும்பாலானவை விலகிவிடும், எறியவே வேண்டாம்.

அரூர்_கால்நடை:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். இந்த மூர்க்கம் மெல்ல வளர்ந்ததா, திடீரென்று வந்ததா? திடீரென்றால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். காதில் சீழ், மூட்டு வலி இருக்கிற நாய் இன்னொன்றை அருகே விடாது. காயடித்தால் ஊர் சுற்றுவதும், பெட்டைக்காக ஆண் நாய்கள் போடும் சண்டையும் குறையலாம். பயத்தில் பாய்கிற நாய்க்கு அது மருந்தல்ல.

கடித்தது, கடிபட்டது இரண்டுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சண்டையில் கையை நடுவே விடாதீர்கள். தண்ணீரை வீசி ஊற்றுங்கள், பலகையை இடையில் செருகுங்கள். உங்கள்மேல் பல் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாந்தோப்பு_காவேரிப்பட்டணம்:
குட்டியிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வந்ததுதான் சார், காதும் காட்டிவிடுகிறேன். மாங்காய்ப் பறிப்பு முடிகிற வரைக்கும் ரோட்டுக்குக் கூட்டிப்போகவே போவதில்லை. அதுவரை வாயைத் துணியால் கட்டி வைக்கலாமா?

அரூர்_கால்நடை:
கூடாது. நாய் வாயைத் திறந்து இரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். கூடை மாதிரி வாய்ப்பூட்டு வாங்குங்கள், அதற்குள் இரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிய வேண்டும். அதையும் உள்ளே தீனி வைத்துப் பழக்கிவிட்டு, நீங்கள் கூட இருக்கும்போது மட்டும் போடுங்கள்.

ராயக்கோட்டை_ராஜா:
ஈரல், கூடை, இரண்டு ஆள், இன்னொரு நாய். காவல் நாய்க்கு இவ்வளவு செலவா? என் கருத்து மாறவில்லை தம்பி. ஆனால் எங்கள் கிழட்டுப் பெட்டை யாரையும் சீண்டாது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டிவருகிறேன், ஈரல் உங்கள் செலவு.