ஸ்லீப்பில் இருந்து எழுந்தால் எக்ஸ்டர்னல் டிரைவ் காணோம்: நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு வந்து திறந்தால் எக்ஸ்டர்னல் டிரைவ் இருக்காது. கேபிளைப் பிடுங்கிச் செருகினால்தான் வரும். விண்டோஸில் எல்லாரும் முதலில் சொல்வது, பவர் ஆப்ஷன்ஸில் ‘யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’டை நிறுத்து என்பதுதான். நிறுத்தினேன். வேலைக்கு நடுவில் கட் ஆவது நின்றது. ஸ்லீப்புக்குப் பிறகு மறைவது நிற்கவில்லை. அதுவும் நியாயம்தான். அந்த செட்டிங், மெஷின் விழித்திருக்கும்போது சும்மா கிடக்கும் சாதனத்தைத் தூங்க வைப்பதற்கானது. மெஷினே தூங்கும்போது போர்ட்டுக்கு மின்சாரம் வருமா என்பது மதர்போர்டு, பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மெஷினின் அடிப்படை மென்பொருள்) சமாச்சாரம். என் பயாஸில் அதற்கு வழியே இல்லை. அதனால் பெரிய காப்பி ஓடும் இரவுகளில் ஸ்லீப்பையே நிறுத்திவிட்டு, திரை மட்டும் அணையும்படி வைக்கிறேன். மற்றவர்கள் என்ன செய்கிறீர்கள்?

*

மேக்கில் எனக்கு வேறு மாதிரி. டிரைவ் இருக்கும், ஆனால் ‘டிஸ்க் சரியாக வெளியேற்றப்படவில்லை’ என்று மூலையில் அறிவிப்பு நிற்கும். தானாக மறுபடி வந்துவிட்டதே என்று விடாதீர்கள், நடுவில் நிஜமாகவே கட் ஆகியிருக்கிறது. டிரைவ் எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்டில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அதில் ஜர்னல், அதாவது செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு, கிடையாது. எழுதும்போது கட் ஆனால் கோப்பு அரைகுறையாக நின்றுவிடலாம். பேக்கப் ஓடும்வரை டெர்மினலில் ‘கேஃபினேட்’ கட்டளை கொடுத்துத் தூங்கவிடாமல் வைக்கிறேன். மற்ற நேரங்களில் வெளியேற்றிவிட்டுத்தான் மூடுவேன். அதைத் தானாகச் செய்ய ‘ஜெட்டிசன்’ மாதிரிச் செயலிகளும் உண்டு.

*

செட்டிங்கைக் குடைவதற்கு முன் டிரைவிடம் காதைக் கொடுங்கள் சார். தனி அடாப்டர் இல்லாத 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் மொத்த மின்சாரத்தையும் போர்ட்டில் இருந்தே எடுக்கிறது. யூஎஸ்பி 2.0 தருவது 500 மில்லிஆம்பியர், 3.0 தருவது 900. நின்றுபோன தட்டு மறுபடி சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில்தான் அது அதிகம் இழுக்கும். என்னுடையது எழும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம், மெல்ல ஒரு சுழற்சி, மறுபடி ‘டிக்’, அப்புறம் அமைதி. கூடவே வந்த நீளமான கேபிளைத் தூக்கிப் போட்டுவிட்டு, அடாப்டர் உள்ள ஹப்பில் மாட்டினேன். தொல்லை ஒழிந்தது. எஸ்எஸ்டிக்கு இந்தக் கதை அவ்வளவாகப் பொருந்தாது.

*

லினக்ஸ்காரன் ஒருவன் இங்கே. எனக்கு வந்த வில்லங்கம்: தூங்கப் போகும்போது எஸ்டிபி (sdb) என்ற பெயரில் இருந்த டிரைவ், எழுந்ததும் எஸ்டிசி (sdc) ஆகிவிடும். திறந்திருந்த நிரல்கள் பழைய பெயரைப் பிடித்துத் தொங்கும், எதைத் தொட்டாலும் படிக்கவோ எழுதவோ முடியவில்லை என்ற ஐ/ஓ பிழை. இப்போது சிஸ்டம்டி (லினக்ஸில் பின்னணி வேலைகளை நிர்வகிப்பது) தூங்கும் முன் ஓட்டும் ஸ்கிரிப்டில் அன்மவுண்ட், அதாவது டிரைவைக் கழற்றிவிடுவது; எழுந்தபின் பெயர் மாறினாலும் மாறாத அடையாள எண்ணான யூயூஐடியை வைத்து மவுண்ட், அதாவது மறுபடி இணைப்பது. ஒரே ஓட்டை: ஏதாவது கோப்பு திறந்திருந்தால் அன்மவுண்ட் தோற்கும், மெஷினோ கவலைப்படாமல் தூங்கிவிடும். யார் பிடித்திருக்கிறார்கள் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

*

இன்னொன்றையும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். சில டிரைவ்கள் கம்ப்யூட்டர் விழித்திருக்கும்போதே, சும்மா இருந்தால் தாமாகச் சுழற்சியை நிறுத்தும். ஃபோல்டரைத் திறந்தால் சில நொடி உறைந்து, பிறகு வரும். அது கட் ஆவது இல்லை, டிரைவின் சொந்தத் தூக்கம். அதற்காக அடிக்கடி ஒரு சின்னக் கோப்பை எழுதிக்கொண்டே இருக்கும் நிரலைப் பலர் போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, அந்த சில நொடி காத்திருந்தால் என்ன?

*

முதல் பதிவு போட்டவன்தான். லினக்ஸ் நண்பரின் யோசனையை விண்டோஸில் முயன்றேன். விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவெண்ட் வியூவரில் ஸ்லீப்புக்குப் போகும்போது கெர்னல்-பவர் 42 என்று பதிவாகிறது. அதைத் தூண்டுதலாக வைத்து டாஸ்க் ஷெட்யூலரில் வெளியேற்றும் வேலையைக் கொடுத்தால், மெஷின் முந்திக்கொண்டு தூங்கிவிடுகிறது. வேலை எழுந்த பிறகுதான் ஓடுகிறது. அதனால் வரிசையை மாற்றிவிட்டேன். டெஸ்க்டாப்பில், கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு பேட்ச் ஃபைல்: முதலில் டிரைவை வெளியேற்றும், அது நடந்தால் மட்டும் மெஷினைத் தூங்க வைக்கும். மூடியை மூடினால் ஒன்றும் செய்யாதே என்று மாற்றியாகிவிட்டது. ஹப் மட்டும் இன்னும் வாங்கவில்லை.