நிந்தம் மணற்கல்லில் சிர்க்கான் தேறவில்லை, எரிமலையை எப்படித் தேடுவது?

குறிஞ்சிக்கல், பெங்களூரு: லடாக்கின் நிந்தம் படிவம், கிரெட்டேசியஸ் காலத்து ஆழ்கடல் மணற்கல். 3 கிலோ இடித்துச் சலித்து, கழுவி, சோடியம் பாலிடங்ஸ்டேட் என்ற கனத்த திரவத்தில் பிரித்தால், சிர்க்கான் (எரிமலை, கிரானைட் பாறைகளில் வரும், வயது சொல்லும் கனிமம்) பத்து மணிகூட இல்லை. திரவமும் வெளுத்துப்போனது. பக்கத்தில் இருந்து அரிபட்டு மறைந்த டிராஸ் எரிமலைத் தீவுகளைப் பற்றி இதை வைத்து என்ன சொல்லலாம்?

தகட்டுப்பாறை: வெளுத்தது கால்சியத்தால். போர்வெல் தண்ணீரில் கழுவினீர்களா? நம்ம ஊர் போர்வெல்லில் கால்சியம் ஜாஸ்தி. டங்ஸ்டேட்டோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாக இறங்கிவிடும். கடைசிக் கழுவல், நீர்க்கச் செய்வது எல்லாம் டிஸ்டில்டு வாட்டரில்தான். மணிகளை ஒட்டும் கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) சிமென்ட் இருந்தால் முன்பே நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் ஊறவையுங்கள். ஹைட்ரோகுளோரிக் வேண்டாம், அபடைட் என்ற பாஸ்பேட் கனிமத்தைத் தின்றுவிடும்.

டிராஸ் பெரும்பாலும் பசால்ட், ஆண்டசைட் எரிமலைப் பாறைகள். அந்தக் குழம்பில் சிர்கோனியம் கரைந்தே கிடக்கும், படிகமாகப் பிரிவது அபூர்வம். ஆகவே சிர்க்கான் இல்லை என்றால் எரிமலை இல்லை என்று அர்த்தமில்லை. இருக்கும் கொஞ்சமும் பொடி மணிகள். வேகமாகக் கழுவினால் சேற்றோடு போய்விடும்.

கனிமவல்லி: இடிப்பதை நிறுத்திவிட்டு தின் செக்‌ஷன் பாருங்கள். பாறையை 30 மைக்ரான் தடிமனுக்குத் தேய்த்த சீவல் அது; நுண்ணோக்கியில் 300 முதல் 400 புள்ளிகளில் எது விழுகிறது என்று எண்ணுங்கள். பாறைத்துணுக்கில் பிளேஜியோகிளேஸ் (ஒருவகை ஃபெல்ட்ஸ்பார்) குச்சிகள் பெரிதாகப் பின்னிக் கிடந்தால் பசால்ட், நுண்குச்சிகள் என்றால் ஆண்டசைட், சர்க்கரைப் பொடிபோல் இருந்தால் டேசைட் அல்லது ரயோலைட்.

இப்படிப் புள்ளி எண்ணும் காஸி-டிக்கின்சன் முறையில் ஒரு சிக்கல்: துணுக்குக்குள்ளே 63 மைக்ரானுக்கு மேற்பட்ட படிகத்தில் புள்ளி விழுந்தால் அதைக் கனிமமாகத்தான் எண்ணுவோம். பெரிய படிகங்கள் கொண்ட எரிமலைத் துணுக்குகள் நிறைய இருந்தால் எரிமலைக் கணக்கு இளைத்துவிடும். அவற்றைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

கீழடுக்கிலிருந்து மேலே போகப்போக எரிமலைத் துணுக்கு குறைந்து, பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் ஏறுகிறதா? அப்படியானால் மேலே இருந்த எரிமலை அரிபட்டு, அடியிலிருந்த கிரானைட் வெளியே வந்துவிட்டது. கலிபோர்னியாவின் சியெர்ரா நெவாடா இப்படி உரிந்த கதை பக்கத்து கிரேட் வேலி மணற்கற்களில்தான் இருக்கிறது.

குறிஞ்சிக்கல்: நன்றி மேடம். மேட்ரிக்ஸ், அதாவது மணிகளுக்கு நடுவே உள்ள நுண்பொருள், 30 சதவீதம் வருகிறது. அதைச் சேறு என்று எழுதலாமா?

கனிமவல்லி: அவசரப்படாதீர்கள். மென்மையான எரிமலைத் துணுக்கு, கெட்டி மணிகளுக்கு நடுவே நசுங்கி இடுக்குகளில் பிதுங்கிவிடும். நுண்ணோக்கியின் பிளேன் லைட்டில் (ஒருதள முனைவாக்கிய ஒளியில்) திட்டுத்திட்டாக நிறம் மாறி, உள்ளே மங்கலான குச்சிகள் தெரிந்தால் அது துணுக்கு. எல்லா இடுக்கிலும் ஒரே சீராக இருந்தால் சேறு. இதைத் தவறாக எண்ணினால் பாதி எரிமலை காணாமல்போகும்.

தகட்டுப்பாறை: கிடைத்த அந்தச் சில சிர்க்கான் மணிகளையும் தூக்கிப் போடாதீர்கள். யுரேனியம்-ஈய வயது எடுத்தால் படிவின் உச்ச வயது வரம்பாவது (படிவு அதைவிடப் பழையதாக இருக்க முடியாது) கிடைக்கும். ஆனால் ஆக இளைய ஒற்றை மணியை நம்ப வேண்டாம், ஈயம் கசிந்திருந்தால் வயதைக் குறைத்துக் காட்டும். 2 சிக்மா பிழை வரம்புக்குள் ஒத்துப்போகும் மூன்று மணியாவது வேண்டும்.