புதுப்பிப்பு: நானோ அலுமினா சேர்த்த எப்பாக்சியில் மின்முறிவு வலிமை குறைந்தது – தீர்வு கிடைத்தது

எடையில் 5% நானோ அலுமினா (மிக நுண்ணிய அலுமினியம் ஆக்சைடு பொடி) சேர்த்ததும் எப்பாக்சி பிசினின் மின்முறிவு வலிமை (மின்சாரம் உடைத்துப் பாயாமல் பொருள் தாங்கும் மின்புல அளவு) வெறும் பிசினைவிடக் குறைந்துவிட்டது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் பொடியை 120 டிகிரியில் வெற்றிட அடுப்பில் இரவு முழுக்க உலர்த்தினேன். குறைந்த அதிர்வெண்ணில் மின்கடத்தா இழப்பு (மாறும் மின்புலத்தில் வெப்பமாக வீணாகும் ஆற்றல்) இறங்கியது; முறிவு வலிமை அசையவில்லை. பொடியைப் பிசினில் பரப்பும் மீயொலிக் கலக்கலை நீட்டியதில் பிசின் சூடானதுதான் மிச்சம்.

கைகொடுத்தது, பொடித் துகள்களுக்கு சிலேன் (துகளையும் பிசினையும் பிணைக்கும் சிலிக்கன் சேர்மம்) பூசும் யோசனை. எப்பாக்சி முனை கொண்ட சிலேனைப் பூசி, பொடியின் அளவையும் 2% ஆக்கினேன். மின்நுண்ணோக்கியில் பொடி திரண்டிருந்த பழைய கட்டிகளைக் காணோம்; வலிமை வெறும் பிசினைச் சற்றே தாண்டியது. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றியது என் அவசரம். அப்புறம் பூச்சோடு 5% ஊற்றிப் பார்த்தேன், பிசினுக்குச் சமமாக வந்தது. ஆக, பெரும்பங்கு பூச்சுக்குத்தான்.

எதிர்பாராதது ஒன்று: மிஞ்சிய சிலேனைக் கழுவாமல் விட்ட தொகுதியில் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை (இறுகிய பிசின் இளகத் தொடங்கும் வெப்பநிலை) இறங்கிவிட்டது. எத்தனாலில் இரண்டு முறை கழுவி உலர்த்தியதும் சரியானது.