பரம்பரைச் சோழி, சிப்பி மேல் அக்ரிலிக்: பெயிண்ட் உரிகிறது, சிலதில் வெள்ளைப் பொடி

மணல்மேடு (கேள்வி):
மூன்று தலைமுறையாக மரப்பெட்டியில் இருக்கும் 64 உருப்படி. பல்லாங்குழிச் சோழி 40, கிளிஞ்சல் 15, முத்துச்சிப்பி 6, கையளவுச் சங்கு 3. தினமும் காலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கி ஒவ்வொன்றிலும் சின்னப் படம் வரையத் திட்டம். அக்ரிலிக், 00 மற்றும் 1 ரவுண்டு பிரஷ்.

சோழியில் போட்ட பெயிண்ட் காய்ந்த பிறகு நகம் பட்டாலே ஏடு மாதிரி உரிந்து வருகிறது. ஆறு கிளிஞ்சலில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. துடைத்தால் பத்து நாளில் திரும்ப வருகிறது, பெட்டியைத் திறந்தால் புளித்த வாடை. வினிகரில் ஊறவைத்தால் போகுமா? ஒரு முத்துச்சிப்பியின் உள்ளே மையில் "தனுஷ்கோடி, தை 1961" என்று எழுதியிருக்கிறது. அதையும் கழுவலாமா?

தூரிகைக்காரன்:
வினிகர் வேண்டவே வேண்டாம். கிளிஞ்சலைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுக்கிறார்கள். ஓடு முழுக்கக் கால்சியம் கார்பனேட். வினிகர், எலுமிச்சை, புளி, பாத்ரூம் ஆசிட் எது பட்டாலும் நுரைத்துக் கரையும். பளபளப்பு ஒரு தடவை போனால் போனதுதான்.

சுத்தம் செய்ய வெதுவெதுப்பான நீர் ஒரு லிட்டர், பாத்திரம் கழுவும் லிக்விட் அரை டீஸ்பூன், குழந்தைகள் டூத் பிரஷ், இவ்வளவு போதும். கழுவியதும் நல்ல தண்ணீரில் ஒரு நாள் ஊறட்டும், மூன்று முறை தண்ணீர் மாற்றுங்கள். உள்ளே உப்பு தங்கினால் மழைக்காலத்தில் ஓடு வியர்த்து, பெயிண்டை அடியிலிருந்தே தள்ளிவிடும். சங்கின் சுருளுக்குள் தண்ணீர் நிற்கும், வெளியே தெரியாது. வாய் கீழே பார்க்கும்படி மூன்று நாள் நிழலில் வையுங்கள். வெயிலில் வைத்தால் நிறம் வெளுக்கும்.

சோழி உரிவதற்குக் காரணம் இரண்டு. அதன் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி, பெயிண்ட் பிடித்துக்கொள்ளச் சொரசொரப்பே கிடையாது. போதாததற்குப் பல வருஷமாகக் கை பட்ட எண்ணெய். சிலர் பளபளக்கத் தேங்காய் எண்ணெய் வேறு தடவி வைத்திருப்பார்கள். சோப்புக் கழுவலுக்குப் பிறகு பஞ்சில் சர்ஜிகல் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள், பஞ்சு அழுக்காகாமல் வரும்வரை. பிறகு 600 நம்பர் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) ஈரத்திலேயே லேசாகத் தேய்த்து, மெல்லிசாக ஒரு கோட் ஜெஸ்ஸோ (பெயிண்ட் பிடிக்க அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு). தேய்க்கும்போது பறக்கும் ஓட்டுத் தூள் நுரையீரலுக்கு ஆகாது, அதனால்தான் ஈரத்தில் தேய்க்கச் சொல்கிறேன்.

பெட்டகம்:
அந்த வெள்ளைப் பொடி பூஞ்சை இல்லை. 1899இல் பைன் என்ற ஆங்கிலேயர் இதைப் பற்றி விவரமாக எழுதியதால் 'பைன் நோய்' என்று பெயர். அவர் கிருமி என்று நினைத்தார், ஆனால் இது சுத்தமாக வேதியியல். மரம், பிளைவுட், அட்டைப் பெட்டி எல்லாம் அசிட்டிக், ஃபார்மிக் அமில ஆவியைக் கசியவிடும். மூடிய பெட்டிக்குள் ஈரமும் சேர்ந்தால் அது ஓட்டைத் தின்று உப்பாக மேலே பூக்கும். உங்களுக்கு வரும் புளித்த வாடை அதுதான். வினிகரில் போடுவது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவது போல.

அந்த ஆறையும் தனியாக எடுத்து, உலர்ந்த பிரஷால் பொடியைத் தட்டிவிட்டு, டிஸ்டில்ட் வாட்டரில் ஒரு நாள் ஊறவையுங்கள் (பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரையே வாங்கலாம், பாட்டிலில் ஆசிட் கலக்காதது என்று பார்த்து). நடுவில் இரண்டு முறை மாற்றி, ஒரு வாரம் உலர்த்துங்கள். குழி விழுந்த இடம் குழியாகவே இருக்கும். அதன் மேல் பெயிண்ட் அடித்து மறைத்தால் நோய் அடியில் தொடரும். வார்னிஷ் அந்த ஆவியைத் தடுக்காது. எல்லாவற்றையும் மரப்பெட்டியிலிருந்து எவர்சில்வர் சம்படத்துக்கோ பாலிபுரொப்பிலீன் டப்பாவுக்கோ மாற்றாமல் பிரஷையே தொடாதீர்கள்.

மை எழுதிய சிப்பியைக் கழுவாதீர்கள், வரையாதீர்கள். ஊற்றுப்பேனா மை தண்ணீரில் ஓடும், பால்பாயிண்ட் மை அசிட்டோனிலும் ஸ்பிரிட்டிலும் கலங்கும். 1964 டிசம்பர் புயலுக்கு முந்தைய தனுஷ்கோடி அது. அந்த எழுத்துக்கு மேல் என்ன படம் வரைந்துவிட முடியும்?

நெய்தல்:
தூரிகைக்காரன் சாரோடு ஒரே இடத்தில்தான் முரண்படுகிறேன்: பல்லாங்குழிச் சோழியை உப்புத்தாளால் தேய்ப்பது. கை பட்டுப் பட்டு ஏறிய வழவழப்பு அது, திரும்ப வராது. கடையில் வாங்கிய சோழி என்றால் தாராளமாகத் தேய்க்கலாம். பரம்பரைச் சொத்துக்கு, பின்னால் யாராவது வேண்டாம் என்றால் எடுத்துவிடக்கூடிய வழி நல்லது.

அதற்கு, அருங்காட்சியகங்களில் புழங்கும் பாரலாய்டு பி-72 (நிறமில்லாத அக்ரிலிக் பிசின்) மணிகள் 10 கிராம், சுத்தமான அசிட்டோன் 100 மி.லி. நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம், அதில் எண்ணெய் கலந்திருக்கும். மணிகளை மெல்லிய துணியில் முடிந்து கண்ணாடி பாட்டிலில் தொங்கவிட்டால் இரவோடு இரவாகக் கரையும். பாட்டிலின் அடியில் கொட்டினால் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். மெல்லிசாக ஒரு கோட் அடித்து, ஒரு நாள் விட்டு, அதன் மேல் ஜெஸ்ஸோ, பிறகு அக்ரிலிக். பிற்காலத்தில் அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தால் எல்லாம் சேர்ந்து வந்துவிடும், சோழி பழையபடி இருக்கும். மழை நாளில் இதை அடித்தால் புகை படிந்த மாதிரி வெளுக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ கூடாது.

சோழியை விட்டுவிட்டுக் கிளிஞ்சலின் உட்பக்கத்தில் வரையலாம் என்பது என் கட்சி. ஜப்பானில் கைஅவாசே என்றொரு பழைய விளையாட்டு. ஹமாகுரிக் கிளிஞ்சலின் இரண்டு பாதிகளுக்குள்ளும் தங்கத் தாளும் வண்ணமுமாகப் படம், ஒரு செட்டுக்கு 360 ஜோடி. ஒரு பாதி தன் ஜோடியைத் தவிர வேறெதோடும் பொருந்தாது என்பதால் மணப்பெண் சீரிலேயே கொடுத்தனுப்பினார்கள். படம் உள்ளே, வெளிப்பக்கம் கடல் கொடுத்தபடி.

மணல்மேடு:
மிக்க நன்றி. அப்படியென்றால் சோழியைத் தொடவில்லை, கிளிஞ்சலும் முத்துச்சிப்பியும் மட்டும். தினசரி வேலையை எப்படிப் பிரிப்பது?

தூரிகைக்காரன்:
நெய்தல் சொன்னது சரி, சோழிக்கு என் வழி வேண்டாம்.

ஒரே நேரத்தில் ஐந்து உருப்படி, அதற்கு மேல் வேண்டாம். முதல் நாள் பென்சில் கோடும் அடி நிறமும். அடுத்த நாள் இரண்டாவது கோட், மூன்றாம் நாள் நுணுக்க வேலை. அக்ரிலிக் பத்து நிமிஷத்தில் தொட்டால் ஒட்டாது, ஆனால் உள்ளே காயவில்லை. அவசரப்பட்டு அடுத்த கோட் போட்டால் பிரஷ் அடிக்கோட்டைக் கிளப்பும். கிளிஞ்சல் உருளாமல் இருக்கப் பழைய துணியில் சின்னச் சும்மாடு சுற்றி அதில் உட்காரவையுங்கள். வெளிச்சம் இடப்பக்க ஜன்னலிலிருந்து வரட்டும். நேர் வெயிலில் முத்துச்சிப்பி மின்னும், கண் நிறத்தைத் தப்பாகப் படிக்கும்.

முத்துச்சிப்பி உள்ளே மட்டும் ஜெஸ்ஸோ கூடாது. பாரலாய்டுக்கு மேல், பெயிண்டில் கிளேஸிங் மீடியம் (நிறத்தை ஊடுருவித் தெரியும்படி ஆக்கும் கலவை) கலந்து கண்ணாடி போல மெல்லிய நிறம் போட்டால் அடியில் இருக்கும் மினுமினுப்பே வானமாகத் தெரியும். வெள்ளைக் கலர் கலந்தால் அது செத்துவிடும்.

பெட்டகம்:
வார்னிஷ் மூன்று நாள் கழித்து, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வகை, இரண்டு கோட். மரச்சாமான் வார்னிஷ் மஞ்சளாகும். அதற்கு முன் ஓரத்தில் செல்லோ டேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், பெயிண்ட் டேப்போடு வந்தால் எண்ணெய் இன்னும் இருக்கிறது.

ஒன்று கேட்க மறந்தேன். விற்கும் எண்ணம் உண்டா? 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாக்கப்பட்ட உயிரினப் பட்டியலில் 2001இல் சில சங்கு, சிப்பி இனங்களும் சேர்ந்தன. நாட்டிலஸ், டிரிடாக்னா என்னும் ராட்சதக் கிளிஞ்சல் எல்லாம் அதில் வரும். அந்த மூன்று சங்கும் என்ன இனம் என்று போட்டோ போடுங்கள், வாய்ப்பக்கம் தெரியும்படி.