அப்பா, அம்மா இருவரும் ஏ பாசிடிவ், மகள் ஓ நெகடிவ்: எப்படி?

கேள்வி
நானும் என் மனைவியும் ஏ பாசிடிவ். மகளுக்கு ஓ நெகடிவ் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. எங்கள் இருவரிடமும் இல்லாத வகை எப்படி வந்தது, லேபில் மாறிவிட்டதா? அப்புறம், அவளுக்கு ரத்தம் தேவைப்பட்டால் நாங்கள் கொடுக்கவே முடியாதா?

பதில்
லேப் தவறு என்று முடிவு கட்டாதீர்கள். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று எல்லோரிடமும் ரத்த வகை மரபணுவின் இரண்டு பிரதிகள் உண்டு, ஏ-வும் ஓ-வும் சேர்ந்திருந்தால் ரிப்போர்ட்டில் ஏ என்றுதான் வரும், ஓ தெரியவே தெரியாது. இருவரிடமும் அப்படி ஓர் ஓ இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓ வகை அமைய 4-ல் 1 வாய்ப்பு. நெகடிவும் இப்படித்தான், ஆனால் அது வேறு மரபணு, தனியாக வரும். இரண்டும் சேர்ந்து அமைய 16-ல் 1. அபூர்வமே இல்லை. இதை வைத்து ஒரு குடும்பத்தில் சந்தேகத்தைக் கிளப்புவது பெரிய அநியாயம்.

ரத்தம் விஷயத்தில், அவளுடைய சிவப்பணுக்கள் ஏறக்குறைய எல்லா வகையினருக்கும் பொருந்தும், அவளுக்கோ ஓ நெகடிவ் மட்டும்தான். உங்கள் ஏ அணுக்களை அவள் ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள் உடைத்துவிடும்.

இன்னொரு பதில்
வகை பொருந்தினாலும் பெற்றோர், உடன்பிறந்தோர் ரத்தத்தை அப்படியே ஏற்ற மாட்டார்கள். நெருங்கிய உறவினரின் வெள்ளணுக்களை உடம்பு அந்நியமாக அடையாளம் காணாமல் விட்டுவிட, அவை பெருகி, ஏற்றிக்கொண்டவரையே தாக்கும் ஆபத்து உண்டு. அதனால் அந்த ரத்தத்துக்குக் கதிர்வீச்சு கொடுத்த பிறகுதான் ஏற்றுவார்கள்.

ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள், அணுக்கள், சீரம் (எதிர்ப்பொருள் இருக்கும் ரத்தத் திரவம்) இரண்டையும் சோதித்தார்களா என்று. 1952-ல் மருத்துவர் பெண்டே குழுவினர் மும்பையில் கண்டறிந்த பாம்பே வகை, அணுக்களை மட்டும் பார்த்தால் ஓ மாதிரியே தெரியும். அந்த வகைக்காரர்களுக்கு, ஓ வகையினரின் சிவப்பணுக்களிலும் இருக்கும் எச் ஆன்டிஜென் என்ற அடையாளப்பொருள் கிடையாது, அதனால் ஓ ரத்தம்கூட ஏற்றக்கூடாது, இன்னொரு பாம்பே வகைக்காரர்தான் கொடுக்க வேண்டும். கைக்குழந்தை என்றால் எதிர்ப்பொருள் இன்னும் உருவாகியிருக்காது, சில மாதம் கழித்துத்தான் சீரம் சோதனையில் தெரியும்.

கேட்டவர்
நன்றி, இப்போதுதான் நிம்மதி. அவளுக்கு மூன்று வயது, இரண்டு சோதனையும் கேட்டு வாங்குகிறேன். நெகடிவ் என்பதால் வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பதில்
பெண் குழந்தை என்பதால் பாசிடிவ் ரத்தம் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறினால் எதிர்ப்பொருள் உருவாகி, பின்னாளில் அவள் வயிற்றில் வளரும் பாசிடிவ் குழந்தையைப் பாதிக்கலாம். கர்ப்பகாலத்தில் இது உருவாகாமல் தடுக்க ஆன்டி-டி ஊசி உண்டு, ஆனால் ஏற்கெனவே உருவாகிவிட்டால் அது பலிக்காது.