பிக்கப்புக்கு மின்னுற பிரேக் லைட் போட்டா பிரச்சினையா? அவசரம்

புதுமுகம்
எல்லாருக்கும் வணக்கம். இங்க வந்து சில மாசம்தான் ஆகுது. பழைய பிக்கப் ஒண்ணு வாங்கினேன். பிரேக் மிதிச்சா லைட் படபடன்னு சில தடவ மின்னிட்டு அப்புறம் நிலையா எரியும், அந்த மாதிரி ஒரு மாட்யூல் ஆன்லைன்ல வாங்கி நானே மாட்டினேன். பாக்கெட்லயே ‘டாட் அப்ரூவ்ட்’னு, அதாவது போக்குவரத்துத் துறை அங்கீகாரம்னு, போட்டிருந்துச்சு. இது தப்பா? போட்டவங்க யாராச்சும் இருக்கீங்களா? நாளைக்குள்ள தெரிஞ்சாகணும். தூக்கமே வரல.

பே ஏரியா மச்சான்
டென்ஷன் ஆகாதீங்க ப்ரோ, லீகல்தான். வெஹிகிள் கோட் 25251.5 எடுத்துப் படிங்க. பிரேக் மிதிச்ச முதல் நாலு செகண்டுல நாலு தடவைக்கு மேல மின்னக் கூடாது, அவ்வளவுதான். நானே போட்டிருக்கேன். 101 ஹைவேல பின்னாடி வர்றவன் போன்ல இருந்து தலையைத் தூக்கிப் பாக்கிறான்.

ஸ்காபரோ அண்ணை
தம்பி, அவர் சொல்லுறதைக் கேட்டு ஏமாந்து போகாதீங்கோ. ஹைவே டிராஃபிக் சட்டம் 62ஆம் பிரிவில வடிவா எழுதிக் கிடக்கு. வண்டியோட வாற ஹசார்ட் லைட்டைத் தவிர, விட்டு விட்டு மின்னுற சிவப்பு லைட் பாவிக்கேலாது. எங்கட தெருப் பொடியன் ஒருத்தன் போட்டு, பொலிஸ் மறிச்சு, கழட்டிப்போட்டுத்தான் வீட்டுக்கு வந்தவன்.

நாங்கள் வந்த புதிசில பிக்கப்பும் இல்லை, ஒண்டும் இல்லை. மார்க்கம் ரோட்டில பஸ்ஸுக்கு நிண்டு காது விறைச்சுப் போகும். ஃபாக்டரியில நைட் ஷிஃப்ட். இப்ப வாற பிள்ளையள் வந்து இறங்கின உடன ட்ரக் எடுக்கினம், அதுக்கு லைட்டும் பூட்டினம்.

நெய்வேலி அக்கா
தம்பி, முதல்ல ஒண்ணு கேக்கறேன், எதுக்கு பிக்கப்? தனி ஆளுக்கு ஒரு சின்ன கார் போதாதா? நான் மிச்சிகன் வந்தப்போ எனக்கு வேலை பாக்க அனுமதியும் இல்ல, லைசென்ஸும் இல்ல. அவர் ஆபீஸ் போயிட்டா வீட்டுக்குள்ளயே கெடப்பேன். பால் வாங்கணும்னாலும் சனிக்கிழமை வரணும். ஜனவரில ஜன்னல் ஓரம் உக்காந்து ஸ்னோ கொட்டுறதப் பாத்து அழுதிருக்கேன். அதனால வண்டி வேணும்கிறது எனக்கும் புரியுது. ஆனா பெட்ரோல் குடிக்கிற வண்டிய வாங்கி அதுக்கு அலங்காரமும் பண்ணணுமா?

ஸ்டுட்கார்ட் சுந்தரம்
அலங்காரம் இல்லக்கா, பாதுகாப்பு விஷயம். இங்க ஐரோப்பால நிறைய வண்டில கம்பெனியே குடுக்குது. 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போயிட்டு திடீர்னு அழுத்தி மிதிச்சா மட்டும் பிரேக் லைட் வேகமா மின்னும். சிக்னலுக்கு மெதுவா மிதிச்சா மின்னாது. ஐ.நா. ஒழுங்குவிதி 48லயே இருக்கு. அதனால தாராளமா போடலாம்.

எடிசன் ராஜா
நான் நியூஜெர்சி. வந்த புதுசுல இன்சூரன்ஸ்காரன் சொன்ன தொகையைக் கேட்டு ரெண்டு மாச வாடகைன்னு நெனச்சேன். ஊர்ல பதினஞ்சு வருஷம் ஓட்டினேன்னு சொன்னா, அது கணக்குல வராதாம். இவங்க ரோட்டு ஒழுக்கத்தப் பாத்தா நம்ம கோயம்பேடு ஆட்டோக்காரர் எவ்வளவோ தேவல. இண்டிகேட்டர்னு ஒண்ணு இருக்கிறதே இங்க பாதிப் பேருக்குத் தெரியாது. டர்ன்பைக் ஹைவேல ஒரு நாள் ஓட்டிப் பாருங்க, தெரியும்.

பே ஏரியா மச்சான்
அதுகூடப் பரவால்ல ராஜா அண்ணே. சாண்ட்விச் கடைல டேப்லெட்ட நம்ம பக்கம் திருப்பி 20 பர்சன்ட் டிப் கேக்குறான் பாருங்க. சாண்ட்விச்ச எடுத்து நம்ம கைல குடுத்ததுக்கு.

எடிசன் ராஜா
ஆமா, இப்பல்லாம் வாடகை கட்டுற வெப்சைட்லயே தனி கட்டணம் புடுங்குறான். நம்ம பணத்த நம்மளே கட்டுறதுக்குக் கட்டணம்!

ஸ்காபரோ அண்ணை
இஞ்ச வாடகையைக் கதைச்சா பிரஷர்தான் ஏறும். பேஸ்மென்டுக்கு கேக்கிற காசில முந்தி முழு வீடே எடுத்திருக்கலாம்.

வண்டிப்பைத்தியம்
மக்களே, வாடகை, டிப் எல்லாம் வேற நாள் பேசலாம். கேட்டவர் எந்த நாடு, எந்த மாநிலம்னு இன்னும் சொல்லவே இல்ல. மச்சான் சொன்னது கலிபோர்னியாவுக்கு சரி, அண்ணை சொன்னது ஒன்டாரியோவுக்கு சரி. ரெண்டையும் கேட்டு இவர் என்ன செய்வார்?

புதுமுகம், இதுக்கெல்லாம் பதில் போடுங்க: எந்த மாநிலம்? வண்டி என்ன மாடல், எந்த வருஷம்? மேல இருக்கிற மூணாவது பிரேக் லைட் மட்டும் மின்னுதா, கீழ இருக்கிற ரெண்டுமா? வயரை எந்த இடத்துல வெட்டினீங்க? நாளைக்கு என்ன?

புதுமுகம்
மன்னிக்கணும். டெக்சாஸ், ஹூஸ்டன் கிட்ட கேட்டிங்கிற ஊர். ஃபோர்ட் எஃப்-150, 2013 மாடல், வாங்கினப்போ இருந்த ஒரிஜினல் லைட்தான். மூணும் மின்னுது. பெடல் பக்கத்துல பிரேக் சுவிட்சுல இருந்து வர்ற வயர்ல போட்டா ஒரே மாட்யூல்ல மூணும் முடிஞ்சிரும்னு ஒரு வீடியோவுல சொன்னாங்க, அப்படியே பண்ணினேன். ஐ-10 ஹைவேல ரெண்டு தடவ பின்னாடி வந்தவன் மயிரிழைல தப்பிச்சான், அந்த பயத்துலதான் போட்டேன்.

நேத்து போலீஸ் நிறுத்தி டிக்கெட் குடுத்துட்டார். கையெழுத்தும் போட்டுட்டேன். அதுல சட்டப்பிரிவு நம்பர் 547னு ஆரம்பிக்குது. கூகுள்ல தேடினா ‘மிஸ்டிமீனர்’னு, அதாவது சிறு குற்றம்னு, வருது. எச்-1பி வேலை அனுமதி இருக்கு, விசா ஸ்டாம்பிங் போகணும். நாளைக்கு சாயந்திரம் மனைவியும் குழந்தையும் ஹூஸ்டன் ஏர்போர்ட்ல இறங்குறாங்க, இருக்கிறது இந்த ஒரு வண்டி. இன்னொண்ணு, பார்க்ல இருந்து கியர் எடுக்கும்போது சில சமயம் லீவர் பிடிச்சுக்குது, கீழ கடகடன்னு சத்தம் வருது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?

எடிசன் ராஜா
அய்யய்யோ, மிஸ்டிமீனரா! இமிக்ரேஷன்ல பெரிய பிரச்சினை ஆகும் சார். அடுத்து வண்டி இன்ஸ்பெக்‌ஷன்லயும் ஃபெயில் ஆக்கிருவான்.

ஹூஸ்டன் மாமா
ராஜா, இருக்கிற பயம் போதாதுன்னு நீங்க வேறயா? நான் இந்த ஊர்லயே ரொம்ப வருஷமா இருக்கேன், சொல்றேன்.

சொந்த வண்டிக்கான சேஃப்டி இன்ஸ்பெக்‌ஷனை டெக்சாஸ்ல 2025 ஜனவரி 1 முதல் எடுத்துட்டாங்க. ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட் மாதிரி சில கவுண்டில புகைச் சோதனை மட்டும் தொடருது. பிரேக் லைட்டை அதுல யாரும் பாக்க மாட்டான்.

டிக்கெட் விஷயம். 547.305 படி சிவப்பு, வெள்ளை, நீல மின்னும் லைட் எதுவும் சட்டம் தனியா அனுமதிச்சிருந்தாத்தான் வண்டில இருக்கலாம். பிரேக் லைட்டுக்கு அந்த அனுமதி இல்ல, அதனால போலீஸ் எழுதினது முறைதான். மிஸ்டிமீனர்ங்கிற சொல்லைப் பாத்து மிரள வேண்டாம். இது கிளாஸ் சி. அபராதம் மட்டும்தான், ஜெயில் கிடையாது. ஸ்பீட் டிக்கெட்டும் அதே வகைதான். நீங்க போட்ட கையெழுத்து, சொன்ன தேதிக்குள்ள கோர்ட்டுக்குப் பதில் சொல்றேன்கிற உறுதிமொழி. குத்தத்தை ஒத்துக்கிட்டதா ஆகாது.

முக்கியமான சேதி இது. 547.004ல ஒரு வழி இருக்கு. கோர்ட்டுல முதல்ல ஆஜராகிறதுக்கு முன்னாடியே குறையைச் சரி பண்ணிட்டு, பத்து டாலருக்கு மிகாத நிர்வாகக் கட்டணம் கட்டினா, ஜட்ஜ் கேஸைத் தள்ளுபடி பண்ணலாம். ‘பண்ணலாம்’தான், பண்ணியே ஆகணும்னு இல்ல. சாதாரணமா சரி பண்ணின அத்தாட்சி காட்டினா விட்டுருவாங்க. டிக்கெட்ல கோர்ட் பேர் இருக்கும். சிட்டி போலீஸ் எழுதினா முனிசிபல் கோர்ட், ஷெரிஃப், கான்ஸ்டபிள், ஸ்டேட் ட்ரூப்பர்னா ஜஸ்டிஸ் கோர்ட். போன் போட்டு ‘கம்ப்ளையன்ஸ் டிஸ்மிஸல்’ வேணும்னு கேளுங்க. அவசரப்பட்டு ஆன்லைன்ல அபராதத்தைக் கட்டிடாதீங்க. கட்டினா குத்தத்தை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும், அப்புறம் தள்ளுபடின்னு கேக்க முடியாது.

விசாவுக்கு, டிஎஸ்-160 ஃபார்ம்ல கைதானதுண்டா, தண்டனை பெற்றதுண்டான்னு கேப்பாங்க. உங்கள யாரும் கைது பண்ணல. இருந்தாலும் கம்பெனி வக்கீலுக்கு ஒரு மெயில் போட்டுருங்க. டிஸ்மிஸல் தாளைப் பத்திரமா வையுங்க.

பே ஏரியா மச்சான்
அப்போ டாட் அப்ரூவ்ட்னு போட்டிருந்ததே? என் பாக்கெட்லயும் இருந்துச்சே.

வண்டிப்பைத்தியம்
டாட் எந்த லைட்டையும் அப்ரூவ் பண்றதே இல்ல மச்சான். அமெரிக்காவுல, தன் பொருள் விதிக்கு உட்பட்டதுன்னு கம்பெனியே தனக்குத்தானே சான்று குடுத்துக்கும். ‘அப்ரூவ்ட்’னு அச்சடிச்சிருந்தாலே சந்தேகப்படணும்.

ஃபெடரல் வாகனப் பாதுகாப்பு விதி எஃப்எம்விஎஸ்எஸ் 108 பிரேக் லைட் நிலையா எரியணும்னு சொல்லுது. டீலரோ மெக்கானிக் கடையோ அதை மாத்தினா ஃபெடரல் சட்டப்படி தப்பு. ஓனர் தானே மாட்டிக்கிட்டா அந்தச் சட்டம் தொடாது, ஆனா மாநிலச் சட்டம் தொடும். உங்களுக்கு நடந்தது அதுதான். இன்டெல்லிஸ்டாப்னு ஒரு கம்பெனி டீலர் மூலமா மாட்ட விலக்கு கேட்டுச்சு, ஃபெடரல் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ 2022ல மறுத்துருச்சு. அதே சமயம் குரோண்டைக்னு ஒரு டேங்கர் லாரி கம்பெனிக்கு 2019ல விலக்கு கெடச்சுது. வழக்கமான லைட் நிலையா எரியும், கூடுதலா ஒரே ஒரு மின்னும் லைட். பின்னாடி மோதுறது 33.7 சதவீதம் குறைஞ்சதா அவங்க கணக்கு காட்டினாங்க. அதனால சுந்தரம் சொல்றதுல நியாயம் இருக்கு. சட்டம்தான் இன்னும் அங்க வரல.

இப்போ வண்டி. உங்க எஃப்-150ல பின்னாடி பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே சிவப்பு லைட். நம்ம ஊர் வண்டி மாதிரி தனி ஆரஞ்சு கிடையாது. அது படபடன்னு மின்னினா பின்னாடி வர்றவனுக்கு நீங்க திரும்புறீங்களா, ஹசார்ட் போட்டீங்களா, பிரேக் மிதிச்சீங்களான்னே புரியாது. எதுக்குப் பயந்து போட்டீங்களோ அதுவே நடந்திருக்கும்.

கியர் பிரச்சினைக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு. பிரேக் சுவிட்ச் சிக்னல் லைட்டுக்கு மட்டும் போறதில்ல. பார்க்ல இருந்து லீவரை விடுவிக்கிற லாக், க்ரூஸ் கன்ட்ரோல் இதெல்லாம் அதை நம்பி இருக்கு. நீங்க அந்தச் சிக்னலையே விட்டு விட்டு அனுப்புறீங்க. அந்தக் கடகட சத்தம் லாக் திறந்து திறந்து மூடுறதுதான்.

பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. மாட்யூலை எடுத்துட்டு, வெட்டின ரெண்டு முனையையும் நேரா சேருங்க. சால்டர் பண்ணி மேல ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போடுங்க, இல்லன்னா நல்ல க்ரிம்ப் கனெக்டர். வயரைக் குத்திப் பிடிக்கிற நீலக் கிளிப் வேண்டாம், கொஞ்ச நாள்ல உள்ள பச்சை பூத்துரும். யாரையாச்சும் மிதிக்கச் சொல்லி பிரேக், இடது, வலது, ஹசார்ட் எல்லாம் பாருங்க. இடது இண்டிகேட்டரோட பிரேக்கும் சேத்து மிதிச்சு தனியா பாருங்க, வலது பக்கம் அசையாம எரியணும். நம்பர் பிளேட் தெரியுற மாதிரி வீடியோ எடுத்து வச்சா கோர்ட்டுக்கு ஆகும். சால்டர் பழக்கம் இல்லன்னா எலக்ட்ரிகல் வேலை தெரிஞ்ச கடைக்குப் போங்க. கழட்டித் தர எந்தக் கடையும் தயங்காது.

இருட்டுல நல்லா தெரியணும்னா பழைய பல்பை அதே நம்பர் புது பல்பா மாத்துங்க. சாக்கெட்டோட எர்த் முனைல துரு இருந்தா தேய்ச்சு விடுங்க. மங்கலா எரியுற பழைய வண்டிகள்ல பெரும்பாலும் அதுதான் காரணம். மூணாவது லைட்டைக் கழட்டிப் பாத்தீங்கன்னா, திருப்பி மாட்டும்போது ஃபோம் கேஸ்கெட் நசுங்காம உக்காந்திருக்கான்னு பாருங்க. இல்லன்னா மழைத் தண்ணி கூரைத் துணில இறங்கி, கேபின் பூரா ஈர நாத்தம் அடிக்கும்.

புதுமுகம்
மாட்யூலைக் கழட்டிட்டேன். பக்கத்து வீட்டு மெக்சிகோகாரர் சால்டர் பண்ணிக் குடுத்தார். இப்போ கியர் லீவர் பிடிக்கல. வீடியோவும் எடுத்தாச்சு. கோர்ட்டுக்குக் காலைல போன் பண்றேன்.

ஸ்காபரோ அண்ணை
சந்தோசம் தம்பி. ஐ-10 எண்டாலும் 401 எண்டாலும் ஒண்டுதான், முன்னுக்குப் போறவனோட இடைவெளி விட்டு ஓடுங்கோ. பின்னால கேமரா ஒண்டும் பூட்டுங்கோ. அது மின்னாது.

நெய்வேலி அக்கா
எல்லாம் சரி, குழந்தைக்கு கார் சீட் வாங்கிட்டீங்களா? டெக்சாஸ்ல எட்டு வயசு வரைக்கும் கட்டாயம், நாலடி ஒம்பது அங்குலத்துக்கு மேல வளந்திருந்தாத்தான் விலக்கு. ஏர்போர்ட்ல இருந்து மடில வச்சுக் கூட்டிட்டு வரலாம்னு நெனச்சிராதீங்க. உங்க பிக்கப்ல பின் சீட் இருக்கா?

புதுமுகம்
பின் சீட் இருக்குக்கா, சின்னதுதான். கார் சீட் இன்னும் வாங்கல. குழந்தைக்குப் பத்து மாசம்.

நெய்வேலி அக்கா
அப்போ பின்பக்கம் பாத்து உக்கார்ற சீட்தான். சில பிக்கப்ல பின் சீட் குறுகலா இருக்கும், சீட்டை வச்சா முன் சீட்டு முழுசா முன்னாடி தள்ள வேண்டி வரும். அளவெடுத்துட்டுக் கடைக்குப் போங்க. தெரியாத ஆள்கிட்ட பழசு வாங்காதீங்க, விபத்துல மாட்டின சீட்டான்னு கண்டுபிடிக்க முடியாது, காலாவதி தேதியும் இருக்கும். இன்னிக்கு ராத்திரியே மாட்டிப் பாருங்க. ஏர்போர்ட் பார்க்கிங்ல அழுற குழந்தையை வச்சுக்கிட்டு அட்டைப் பெட்டியைப் பிரிக்கிற வேலை வேண்டாம்.