கல்லீரல் நோயைக் கண்டறியும் மாடல், பெண் நோயாளிகளைத் தவறவிடுகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். ரத்தப் பரிசோதனை எண்களை வைத்துக் கல்லீரல் நோய் உண்டா இல்லையா என்று சொல்லும் மெஷின் லேர்னிங் மாடல், கடைசி வருட ப்ராஜெக்ட். டேட்டா, ஆந்திராவின் வடகிழக்குப் பகுதியில் எடுத்த இந்தியக் கல்லீரல் நோயாளிகள் தொகுப்பு: 583 பேர், அதில் 416 பேருக்கு நோய். பெண்கள் வெறும் 142.

முதலில் லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் என்ற எளிய முறை. துல்லியம் 71 சதவீதம் வந்ததும் ஹாஸ்டலில் நாலு பேருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அப்புறம்தான் உறைத்தது, எதையும் பார்க்காமல் எல்லோருக்கும் 'நோய்' என்று சொன்னாலே 71 வந்துவிடும்!

சரி என்று ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களைச் சேர்க்கும் மாடல்), கிளாஸ் வெயிட் (குறைவாக உள்ள பிரிவுக்குக் கூடுதல் எடை), ஸ்மோட் (அந்தப் பிரிவுக்குச் செயற்கை வரிசைகள் சேர்ப்பது) எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. டேட்டாவைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் எனப் பிரிப்பதற்கு முன்பே ஸ்மோட்டைப் போட்டதால் ஒருநாள் எண் பிரமாதமாக வந்தது, பிரித்தபின் போட்டதும் இறங்கிவிட்டது. இரட்டை வரிசைகளை நீக்கினேன், அல்புமின்-குளோபுலின் விகிதம் விடுபட்ட 4 இடங்களில் மீடியன் (நடு மதிப்பு) வைத்தேன், பிலிருபின், கல்லீரல் என்சைம்களான எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி மூன்றுக்கும் லாக் (மடக்கை) எடுத்தேன்.

இப்போது நோயில்லாதவர்களை ஓரளவு சரியாகப் பிரிக்கிறது, ஆனால் நோயுள்ள பெண்களை ஆண்களைவிட அதிகமாக 'நோயில்லை' என்று தள்ளிவிடுகிறது. பாலினப் பத்தியை எடுத்துவிட்டும் மாறவில்லை. வேறு மருத்துவமனை டேட்டா கிடைக்க வழியில்லை, திங்கட்கிழமை ரிவ்யூ.

நோயுள்ள பெண்கள் 92 பேர்தான் இருக்கும் இந்தத் தொகுப்பில், பெண்களுக்குத் தனி மாடல் பயிற்றுவிப்பதா, இல்லை ஒரே மாடலை வைத்துக்கொண்டு அவர்களுக்கு மட்டும் த்ரெஷோல்டை ('நோய்' என்று சொல்லத் தேவையான குறைந்தபட்ச மதிப்பெண்ணை) குறைப்பதா?